கோட்டில் ஒரு மேடு

“இந்த இடத்துல மட்டும் ஏன் கோடு இப்படி மேல எழும்புது? என் பாடத்துல ஒரு மேடுகூட இல்லையே!”

இயற்பியல் வாத்தியாரின் விரல் கணினித் திரையைத் துளைத்துவிடும் போல் நின்றது. இணையவழிப் பாடம் நடத்தும் அந்த நிறுவனத்தில் அவர்தான் மூத்தவர். போன வருஷம் வந்து சேர்ந்த புது டீச்சருக்கும் இயற்பியல்தான். அடுத்த ஆண்டுப் பாடம் முழுவதையும் இருவரில் ஒருவருக்கே தரப்போவதாக மேலாளர் சொல்லியிருந்தார். இன்று மாலை முடிவு.

மாணவர்கள் பாடம் பார்க்கும் விதத்தைக் கோடுகளாக வரைந்து காட்டுவது ‘கிராஃப்’ அக்காவின் வேலை. யார் கேட்டாலும் அலுக்காமல் விளக்குவார்.

“இது புது டீச்சர் பாடத்துல ஒரே ஒரு மாணவரோட கோடு சார். மேடு வந்தா, அங்க நிறுத்தி, பின்னாடி போய், திரும்பப் பார்க்குறார்னு அர்த்தம். அந்த இடத்துல ஏதோ இடிக்குது.”

“அப்ப மேடே இல்லைன்னா எல்லாம் புரியுதுன்னுதானே?”

“இல்ல சார்.” அக்கா தயங்கினார். “உங்க கோடு விழுந்துடுது. ‘இது ரொம்பச் சுலபம்’னு நீங்க ஆரம்பிச்சதுமே பசங்க கிளம்பிடுறாங்க.”

வாத்தியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். “அந்தம்மா பாடத்துல மட்டும் தேன் வடியுதாக்கும்! தண்ணிக்குள்ள பென்சில் ஏன் வளைஞ்சு தெரியுதுன்னு சொல்லித்தர, ஒளிக்கதிர் கண்ணுல இருந்து பென்சிலுக்குப் போற மாதிரில்ல வரைஞ்சு வெச்சாங்க!”

“அட, அந்த மேடுதான் இது! அதை எப்பவோ மாத்திட்டாங்களே. பழசை நீங்க பார்த்தீங்களா?”

“நான் எதுக்குப் பார்க்குறேன்? யாரோ சொன்னாங்க.”

அக்கா உற்சாகமாக நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டார். “மத்த பசங்க வேகத்தைக் கூட்டி ஓட்டிட்டுப் போயிடுவாங்க சார். இவர் ஒரு வார்த்தை விடாம பார்ப்பார். டீச்சர் ஒரு படியைத் தாண்டிப் போனாங்கன்னா, டக்குனு நிறுத்துவார். அவங்க மேட்டைப் பார்த்துட்டு, அந்தத் துண்டை மட்டும் திரும்பப் படம்பிடிப்பாங்க. அடுத்த வாரமே மத்த பசங்களும் அங்க வேகமா ஓட்டாம முழுசா பார்க்குறாங்க. இப்போ அவங்க பாடத்துல குறை சொல்ல ஒண்ணுமே இல்ல.”

வாத்தியாருக்கு வயிறு எரிந்தது. “குடுத்து வெச்ச மகராசி! இத்தனை வருஷமா கத்துறேன், இப்படி ஒரு மாணவன் எனக்கு வாய்ச்சானா? யாரும்மா அந்தப் பிள்ளை?”

“எனக்கு எண் மட்டும்தான் தெரியும். பேரை மேலாளர்தான் திறக்கணும்.”

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு புது டீச்சர் ஓடி வந்தார். முகமெல்லாம் பல்.

“சார்! அடுத்த வருஷப் பாடம் எனக்குக் கிடைச்சிருச்சு. முதல் நன்றி உங்களுக்குத்தான்!”

“எனக்கா? எதுக்கு?”

“என்னைத் திருத்தின மாணவருக்குப் பரிசு குடுக்கணும்னு மேலாளர் பேரைத் திறந்து பார்த்தார். உங்க பொண்ணு சார்! அப்பாவே இயற்பியல் வாத்தியாரா இருக்க, என் பாடத்தை எவ்வளவு அக்கறையா பார்த்திருக்கா!”

“நல்லாயிருக்கு!” அக்கா கைதட்டினார். “வீட்டுக்குள்ளயே வெச்சுக்கிட்டு, வாய்க்கலைன்னு புலம்புறீங்களே சார்!”

வாத்தியார் சிரிக்கப் பார்த்தார், உதடு ஒத்துழைக்கவில்லை.

இயற்பியலே வேண்டாமென்று மகள் ஓவியம் படிக்கப் போய் ஒரு வருஷம் ஆகிறது. அவள் விட்டுப்போன மாணவர் கணக்கில் தினமும் நுழைந்து, மேலாளரிடம் போட்டுக்கொடுப்பதற்காகப் புது டீச்சரின் தப்புகளை நிறுத்தி நிறுத்தித் தேடியவர் அவர்தான்.