பழசை மறக்காமல் தரவும்

"பழைய சாமானை என் தலையில கட்டப் பார்க்கீகளா அண்ணாச்சி?"

ஞானஜோதி போட்ட சத்தத்தில் கடையில் நின்ற லாரி டிரைவர்கள்கூடப் பேச்சை நிறுத்திவிட்டார்கள். பலவேசம் மட்டும் அசரவில்லை. மேஜையில் கிடந்த அந்த எண்ணெய்ப் பிசுக்கான பிரேக் சிலிண்டரைத் துணியால் நிதானமாகத் துடைத்தார்.

விருதுநகரில் மோட்டார் உதிரிச் சாமான் என்றால் பலவேசம் கடைதான். சீமைக் காரோ நம்ம நாட்டுக் காரோ, எத்தனை வருசத்து வண்டியாக இருந்தாலும் சரி, எந்தச் சாமான் சேரும், எது சேராது என்று தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார்.

ஞானஜோதியும் லேசுப்பட்டவள் இல்லை. நாரணாபுரம் பக்கத்து மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ். சீமைக்குத் திரும்பிப் போன டாக்டரம்மா விட்டுச் சென்ற ஆஸ்டின் காரை அவளே ஓட்டுவாள். பட்டாசு ஆலையில் யாருக்காவது தீப்பட்டால் மதுரைக்குக் கொண்டுபோக அந்த வண்டியைத்தான் நம்ப வேண்டும்.

அதில்தான் இப்போது பிரேக் இல்லை. வரும் வழியில் ஆமத்தூரில் ஆட்டு மந்தை குறுக்கே வர, ஹேண்ட் பிரேக்கை இழுத்துத்தான் நிறுத்தினாள்.

"மாஸ்டர் சிலிண்டர் போயிருச்சு. ரெண்டு மணி நேரம் கழிச்சு வாங்க" என்று காலையில் அனுப்பி வைத்த மனிதர், இப்போது நீட்டுவது இந்தப் பழசை.

"அலமாரியில ரெண்டு புதுசு இருக்கே. அதுல ஒண்ணைத் தாங்க."

பலவேசம் இரண்டையும் எடுத்து மேஜையில் வைத்தார்.

"இது நம்ம நாட்டுச் சாமான். அம்பாசிடருக்குன்னா கண்ணை மூடிக்கிட்டுக் குடுப்பேன். உங்க வண்டியோட அளவு வேற சிஸ்டர். மாட்டிரலாம், ஆனா மிதிக்கிற மிதிக்குப் பிரேக் வராது."

"அப்ப இந்தச் சீமைப் பெட்டி? ஆஸ்டின்னுதானே போட்டிருக்கு?"

"ஆஸ்டின்தான். லாரிக்கு உள்ளது. பேரைப் பார்த்துச் சாமான் வாங்கப்பிடாது."

"சரியானதை வரவழைக்க வேண்டியதுதானே?"

"கப்பல்ல வரணும். சீமைச் சாமானுக்கு இப்ப இருக்கிற கெடுபிடியில மூணு நாலு மாசம் ஆகும். அதுவரைக்கும் இதைப் போட்டு ஓட்டுங்க. ஒண்ணும் ஆகாது."

"தீபாவளிக்கு இருபது நாள்தான் இருக்கு. ஆலைகள்ல ராப்பகலா வேலை நடக்குது. உசுரைக் கொண்டுபோற வண்டிக்குக் காயலாங்கடைச் சாமானா? கடவுளுக்குப் பயப்பட வேண்டாமா?"

"நான் கேரண்டி சிஸ்டர்" என்றார் பலவேசம், ஒரே வார்த்தையில்.

"சரி, பில் போடுங்க."

"இதுக்குப் பில் கிடையாது. புதுசு வரட்டும், அப்ப போட்டுக்கலாம்."

பில் கிடையாதா? அப்படியானால் திருட்டுச் சாமானேதான். எந்தப் பாவி வண்டியில் கழற்றினார்களோ! ஞானஜோதிக்கு நெஞ்சு கொதித்தது. ஆனாலும் வேறு வழியில்லை. மெக்கானிக் சண்முகவேல் மாட்டிக் கொடுத்ததும், ஒரு நன்றிகூடச் சொல்லாமல் வண்டியைக் கிளப்பினாள்.

எட்டாம் நாள் சாயங்காலம் நாரணாபுரத்தில் ஒரு ஆலையில் வெடிமருந்து பற்றிக்கொண்டது. அங்கே வேலை பார்த்த கருப்பம்மாளும் அவள் தங்கச்சியும் உடம்பெல்லாம் கருகிக் கிடந்தார்கள். இரண்டு பேரையும் பின் சீட்டில் படுக்க வைத்துக்கொண்டு ஞானஜோதி மதுரைக்குப் பறந்தாள்.

கள்ளிக்குடி தாண்டியதும் மிரண்ட மாடு ஒன்று வண்டியோடு ரோட்டுக்கு நடுவே வந்துவிட்டது. வண்டியில் வைக்கோல் பாரமும், அதன் மேலே இரண்டு பிள்ளைகளும்.

மிதித்தாள்.

கார் ஒரு சாண் இடைவெளியில் நின்றது. பின் சீட்டில் கருப்பம்மாளின் முனகலைத் தவிர ஒரு சத்தமில்லை. மாட்டுவண்டி ஒதுங்கியதும் மறுபடி பறந்தாள். இரண்டு பெண்களும் பிழைத்துக்கொண்டார்கள்.

'சாமான் என்னமோ நல்ல சாமான்தான். மனுசன்தான் சரியில்லை' என்று நினைத்துக்கொண்டாள்.

மாசி மாதம் ஒரு கார்டு வந்தது. 'புதுசு வந்துவிட்டது. வண்டியோடு வரவும். பழசை மறக்காமல் திருப்பித் தரவும். பலவேசம்.'

'மறக்காமல்' என்ற வார்த்தைக்குக் கீழே கோடு வேறு.

கடைக்குள் நுழைந்ததுமே பிடித்துக்கொண்டாள். "பழசு உங்களுக்கு என்னத்துக்கு? அடுத்த ஆளு தலையில கட்டவா?"

"கட்டத்தான் சிஸ்டர்" என்று சிரித்தார் பலவேசம். "ஆளு ரொம்ப நாளாக் காத்துக்கிட்டு இருக்கான்."

சொல்லிவிட்டு, சாத்தூரிலிருந்து வந்த ஒருவருக்குப் பேரிங் எடுத்துக் கொடுக்கப் போய்விட்டார்.

'என்ன துணிச்சல் இருந்தா என் முகத்துக்கு நேராவே சொல்வார்?' ஞானஜோதிக்கு ஆத்திரம் ஆறவில்லை. சண்முகவேல் புதுசை மாட்டி முடித்து, பழசை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்பக்கம் போனான். ஏமாறப்போகிற அந்த அப்பாவி யாரென்று பார்த்து எச்சரித்துவிட வேண்டும் என்று அவளும் பின்னாலேயே போனாள்.

பின்கட்டில் ஆள் யாரும் இல்லை. அவளுடையதைப் போலவே ஒரு கறுப்பு ஆஸ்டின் நின்றது. கூரையில் விரல்கடை உயரத்துக்குப் புழுதி. காற்றில்லாத டயர்கள் மண்ணில் அமுங்கியிருந்தன. சண்முகவேல் பழைய சிலிண்டரோடு அதன் அடியில் நுழைந்துகொண்டிருந்தான்.

"யாரு வண்டி இது?"

"நம்ம அண்ணாச்சி வண்டிதான் சிஸ்டர்" என்று காருக்கு அடியிலிருந்து குரல் வந்தது. "பிரேக் போயிருச்சுன்னு நீங்க வந்து நின்னீகளே, அன்னைக்குக் காலையில வரைக்கும் நல்லா ஓடிக்கிட்டுத்தான் இருந்துச்சு."