புது வீட்டுக்கு வந்த எருமை

எழுபத்தெட்டில் உத்திரமேரூர் பக்கம் முள்காட்டை வெட்டி ஒரு காலனி உண்டானது. ஊருக்கு இன்னும் பேர்கூட வைக்கவில்லை. அதற்குள் ஓர் எருமை, பிறந்து வளர்ந்த இடம்போல, பொழுது சாய்ந்தால் சிட்டம்மாளின் புது வீட்டுக்குள் நுழைந்து நடுவீட்டில் படுத்துக்கொள்ள ஆரம்பித்தது. எத்தனை விரட்டினாலும் மறுநாள் வந்தது. அக்கம்பக்கத்து ஊர்களில் யாரும் அதைத் தேடவுமில்லை.

“இது எந்த வூடுன்னு நெனச்சிக்கினு வருது?” என்றாள் சிட்டம்மாள்.

புருஷன் இருசப்பனுக்கோ சந்தோஷம். பால் கிடைக்காமல் புது வீட்டுக்குப் பால் காய்ச்சுவதே தள்ளிப்போயிருந்தது. “மடி நெறைஞ்சி கீது பாரு. கறந்து காய்ச்சிடு.”

“எருமைப் பாலுலயா? ஒறமொற சிரிக்கும்” என்று முனகினாலும், வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துவிட்டுச் சொம்போடு உட்கார்ந்தாள். மடி வற்றிக் கிடந்தது. காம்புகள் ஈரமாக இருந்தன.

“யோவ், நீ கறந்தியா?”

“நானே இப்பத்தான வர்றேன்!”

அடுப்பங்கரையில் ஏதோ சொய்யென்றது. இருவரும் எட்டிப் பார்த்தார்கள். அவள் மூட்டாத அடுப்பில், அவளுடையதல்லாத கரிப்பிடித்த சட்டியில், பால் பொங்கிக் கிழக்கே வழிந்துகொண்டிருந்தது.

இருசப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டான். “கெழக்கால வழியுதுமே. வூட்டுக்காரங்களுக்கு நல்லது.”

சிட்டம்மாள் அவன் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள்.

“வூட்டுக்காரங்க யாருன்னு மொதல்ல கேளுய்யா.”