வெட்டின பேர்

1988. அட்டன் மாதா கோயில் மண்டபத்தில் கம்ப்யூட்டர் பயிற்சி. புது வேலைக்கு மனுப் போட்டவர்களின் பட்டியல் திரையில் ஊர்ந்தது.

"ஒரு பேரைத் தேட இவ்வளவு நேரமா?" என்றார் தோட்டத்துக் கிளாக்கர் கஸ்பர்.

"வெட்டின பேரெல்லாம் இன்னும் உள்ளயே கிடக்குங்க ஐயா," என்றாள் பயிற்சி கொடுக்க வந்த சுகிர்தம். "வெட்டினா ஒரு குறிதான் விழும். 'பேக்'னு அடிச்சாத்தான் அடியோட போகும். பட்டியலும் வேகமா ஓடும்."

கஸ்பர் சிரித்தார். "தோட்டத்து ஆள்கணக்கு எழுதுற செக்ரோல் புத்தகத்துல எத்தனை ஆள் பேரை வெட்டினவன் நான். எனக்கா சொல்லித் தர்றே?"

அவரே 'பேக்' என்று அடித்தார்.

"இப்ப உங்க பேரைத் தேடுங்க."

கண்ணிமைக்கும் நேரத்தில் தேடி முடிந்தது. கஸ்பர் என்று யாருமே இல்லை.

"காலையில உங்க பேருக்குக் குறி போட்டது நான். அடியோட எடுத்தது நீங்க."

கஸ்பர் அவள் பக்கம் திரும்பினார். "பட்டியல் இன்னைக்கே கொழும்புக்குப் போகுதேம்மா. அந்த வேலையைத்தான் நம்பியிருக்கேன். திரும்ப எழுத ஒரு நிமிஷம் போதுமே?"

"போதுங்க. என் தம்பியைப் புதைச்ச மறுநாள் காலையில ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்கு வரலைன்னு எங்கம்மா தெரேசா பேரை வெட்டினீங்களே, அன்னைக்கு அவங்களும் உங்ககிட்ட இதையேதான் சொன்னாங்க."