வயிற்றெரிச்சல்

வாசல் தொட்டியில் இன்றைக்கும் ஒரு கற்றாழை மடலைக் காணோம். அவளுக்குக் கோபம் தலைக்கேறியது.

"எல்லாம் அந்த மாடிவீட்டுக்காரி வேலை. நான் புள்ள மாதிரி வளர்க்கிறேன், அவ நோகாம அறுத்துட்டுப் போறா. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்."

சமையலறையில் மிக்ஸி நின்றது. கோதுமையும் புளித்த மாவும் ஒத்துக்கொள்ளாத அவளுக்குக் காலையில் கணவன் அடித்துத் தரும் பழ ஸ்மூத்திதான் ஆகாரம். டம்ளரோடு வந்தான்.

ஒரே மூச்சில் குடித்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு மாடியைப் பார்த்துக் கத்தினாள்.

"என் செடியத் தின்ன வயிறு வெந்துதான் போகும்."

"அறுத்த கைய வேணா திட்டு," என்று கற்றாழைப் பிசுக்குக் காயாத கையை நீட்டினான் கணவன். "வயித்த விட்டுடு. அது உன்னோடது."