மேல்மலைக் கன்று

மலையடிவாரத்தில் ஒரு நாவல் மரம் இருந்தது. மழை பொய்க்கத் தொடங்கியதிலிருந்து அதன் காலடியில் முளைத்த கன்று ஒன்றுகூடத் தங்கவில்லை. இரண்டு இலை விடும், வெயிலில் சுருண்டுவிடும்.

இந்த வருஷம் கிளையில் தங்கியது ஒரே ஒரு பழம். அதைத் தேடி இருவாச்சிப் பறவை வந்து உட்கார்ந்தது.

"தின்னுட்டு கொட்டையை இங்கேயே போட்டுடு தம்பி. இது ஒண்ணாவது என் நிழல்ல வளரட்டும்" என்றது மரம்.

"போட்டா முளைக்கும். அப்புறம் அது கருகுறதை நீயேதான் நின்னு பார்க்கணும். மேல்மலையிலதான் இன்னும் பனி இறங்குது அக்கா, மண்ணு ஈரமா இருக்கு. போன வருஷம் அங்க போட்ட உன் கொட்டை இப்ப என் உசரம் நிக்குது."

மரம் மேல்மலையை அண்ணாந்து பார்த்தது. பிறகு மெல்லக் கேட்டது. "அங்க அதுக்குக் குளிராதா?"

"நல்லாருக்கே! இத்தனை நாளா இங்க வெக்கைன்னு அழுத, இப்ப குளிருமாங்கிற!" என்று இருவாச்சி சிரித்தது.

"என் சாடை இருக்கா?"

"காத்தடிச்சா உன்னை மாதிரியே சலசலன்னு ஓயாம பேசுது."

மரம் கிளையைத் தாழ்த்திப் பழத்தைக் கொடுத்தது. இருவாச்சி மேலே பறந்தது.

சாயங்காலம் மலையிலிருந்து காற்று இறங்கி வந்தது. காட்டு மரங்களெல்லாம் ஆடின. நாவல் மட்டும் தன் இலைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சத்தமே போடாமல் கேட்டுக்கொண்டிருந்தது.