உதறாத மணல்

பழைய கூடாரத்தைப் பிரிக்கும்போது வேறொரு இடத்து மணல் உதிர்ந்து பார்த்திருக்கிறீர்களா? அமெரிக்காவின் டெத் வேலிப் பாலைவனத்தில், வெளுத்த உப்புத்தரையில் அந்தி வெயில் சாய்கிறது. தம்பி வேட் கூடாரத்தின் மூலையைத் தூக்குகிறான். மடிப்புக்குள் யூட்டா மாநிலத்தின் செம்மணல் ஒரு கைப்பிடி சரசரவென்று உருள்கிறது. அம்மாவும் நாங்கள் இருவருமாக யூட்டாவுக்குப் போனதுதான் அவளோடு கடைசிப் பயணம். மலையேறி இறங்கியதும் அவளுக்கு மூச்சு முட்டியது. அவசரத்தில் கூடாரத்தை அப்படியே சுருட்டி வண்டியில் போட்டோம். "உதறிடவா அக்கா? அம்மா இருந்திருந்தா இந்நேரம் கத்தியிருப்பா" என்கிறான். "கத்தட்டும்டா. அதை விடு." "ராத்திரி முதுகெல்லாம் உறுத்தும்." "உன் குறட்டைக்கு இது எவ்வளவோ தேவல." அவன் சிரித்துக்கொண்டே மூலையை மெல்லக் கீழே வைக்கிறான். கேஸ் அடுப்பில் பீன்ஸ் கொதிக்கிறது. செம்மணலின் மேல் கடைசி வெளிச்சம் கொஞ்சம் நிற்கிறது. மறுநாள் காலை வேட் கூடாரத்தை உதறாமலே சுருட்டினான்.