படி இறங்கினால் கசியும்

ஸ்வீடனின் லிங்ஷோப்பிங் நகர ஆய்வகத்தில் அன்று லிஃப்ட் ஓடவில்லை. குழுத் தலைவன் தோர்ஸ்டெனும், போன மாதம் சேர்ந்த பொறியாளர் சிக்னேயும் நான்காம் மாடியிலிருந்து படியிறங்கினார்கள். பேச்சு முழுக்க அவர்கள் தயாரிக்கும் செயற்கை முழங்காலுக்குள் இருக்கும், எண்ணெய் நிரப்பிய ஹைட்ராலிக் சிலிண்டரைப் பற்றித்தான்.

“சோதனை மெஷின்ல ஓட்டியாச்சு. ஒரு சொட்டு கசியல. உன் கம்ப்யூட்டர் மாடல் மட்டும்தான் கசியும்னு அடம்பிடிக்குது,” என்றான் தோர்ஸ்டென்.

“மெஷின் ஒரே வேகத்துல போய் வருது. படியிறங்குறப்போ தண்டு வேகமா வெளிய வரும், மெதுவா உள்ள போகும். அதோட வந்த எண்ணெய்ப் படலம் முழுசா திரும்பாது. தண்டைச் சுத்தி எண்ணெயைத் தடுக்கிற ரப்பர் சீலோட விளிம்பை மாத்தினா திரும்பிடும்.”

“செயற்கைக் காலோட யாரும்மா இவ்வளவு வேகமா படியிறங்கப் போறாங்க?” தோர்ஸ்டெனுக்கு மூச்சு வாங்கியது. “கொஞ்சம் நில்லேன்!”

முன்னாலேயே கீழே போய்ச் சேர்ந்திருந்த சிக்னே, கால்சட்டையை முழங்காலுக்கு மேல் உயர்த்தினாள். உள்ளே அதே செயற்கை முழங்காலின் உலோகத் தண்டு பளபளத்தது.

தோர்ஸ்டென் கைப்பிடியைப் பிடித்தபடி மீதிப் படிகளை இறங்கி வந்தான்.

“பழைய சீல் இருந்தப்போ தினமும் சாக்ஸ் நனையும். மாடல் சொன்னபடி விளிம்பை மாத்தி, போன வாரம் மாட்டினேன். தொட்டுப் பாரு.”

அவன் குனிந்து தொட்டான். விரலில் பிசுக்கே இல்லை.

“திங்கக்கிழமையே இந்தப் புது சீலைச் செய்ய ஆரம்பிச்சுடலாம்,” என்றான். “முதல்ல யாருக்குக் கொடுக்கலாம்?”

சிக்னே சிரித்துவிட்டாள்.

“எங்க நடனக் குழுவுல செயற்கைக் காலோட ஆடுற ஆறு பேர் வரிசையில நிக்கிறாங்கப்பா!”